கப்பக்காரர் வீட்டுப் படம்

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த கதையை எழுதுகிறேன் என்று போன தடவை சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் அது வெள்ளையடித்த கதையாக இல்லை, ஒரு படத்தின் கதையாக வருகிறது. வந்தபடியே எழுதிவிடுகிறேன்.

வையம்பட்டி ஸ்டேஷனில் இறங்கி 'கப்பக்காரர் வீடு' எது என்று கேட்டால் சின்னப் பையன்கூட வழி காட்டுவான். பொன்னணியாறு அணையில் தண்ணீர் நின்றாலே வேடிக்கை பார்க்கப் போகும் ஊர் இது. இங்கிருந்து ஒருத்தன் 1974-ல் கடற்படைக்குப் போனதை இன்னும் யாரும் மறக்கவில்லை. உண்மையில் நான் கப்பல் ஓட்டியவன் இல்லை. ஹெலிகாப்டர் மெக்கானிக். இருபது வருஷ சர்வீஸில் பெரும்பகுதி கொச்சியிலும் கப்பலிலும் 'சீ கிங்' ஹெலிகாப்டர்களோடுதான் கழிந்தது. இதை ஊரில் விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், கப்பக்காரர் என்றே இருந்துவிட்டேன்.

சீ கிங் இங்கிலாந்தில், சோமர்செட்டில் யோவில் என்ற ஊரில் வெஸ்ட்லாண்ட் கம்பெனி செய்தது. அசல் வடிவமைப்பு அமெரிக்காவின் சிகோர்ஸ்கி. நம் கடற்படைக்கு 1971-ல் வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நோம் என்ஜின் இரண்டு, தலைக்கு மேலே ஐந்து இறக்கை. கடலுக்கு மேல் அந்தரத்தில் நின்றுகொண்டு, கயிற்றில் ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கி நீர்மூழ்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கும். பறந்து வந்ததும் உப்புப் போக என்ஜினை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் அரித்துவிடும். மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான். ஒருநாள் விட்டால் மறுநாள் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டு ஹாலில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு படம் தொங்கியது. இரண்டரை அடி அகலம். சாம்பல் நிறக் கடல். ஒரு கப்பல் எரிகிறது, கரும்புகை வானத்தையே மறைக்கிறது. அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே தண்ணீரைத் தொடுகிற மாதிரி இரண்டு சீ கிங் நிற்கின்றன. கீழே ஆரஞ்சு நிற ரப்பர் தெப்பங்களில் ஆட்கள். ஓவியத்தின் அச்சுப் பிரதிதான், அசல் இல்லை. ஆனால் எண்ணிக்கை வைத்து அச்சடித்தது. கீழ் ஓரத்தில் பென்சிலால் நம்பர் போட்டு ஓவியரே கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த நாட்டில் இது ஒரு பெரிய வியாபாரம். ஓவியர் கையெழுத்தோடு, அந்தச் சம்பவத்தில் பறந்த விமானிகளும் கையெழுத்துப் போட்டால் விலை இன்னும் ஏறும். நம்பர் முடிந்ததும் தகட்டை அழித்துவிடுவார்களாம்.

படத்தில் இருப்பது 1982 ஜூன் 8-ம் தேதி. ஃபாக்லாந்து போர். தென் அட்லாண்டிக்கில் உள்ள அந்தத் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் சண்டை போட்டது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஃபிட்ஸ்ராய் என்ற இடத்தில் நின்றிருந்த 'சர் கலாஹாட்' என்ற கப்பலை அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் விமானங்கள் குண்டு போட்டு எரித்தன. 48 பேர் இறந்தார்கள். தப்பித்துத் தெப்பங்களில் ஏறியவர்களைக் காற்று மறுபடியும் எரியும் கப்பலை நோக்கியே இழுத்தது. உள்ளே வெடிமருந்து வெடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது சீ கிங் விமானிகள் ஒன்று செய்தார்கள். புகைக்குள் தாழ இறங்கி, இறக்கைக் காற்றாலேயே தெப்பங்களைக் கப்பலை விட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். படம் அந்த நிமிஷம்தான்.

எனக்கு அது எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் போரில் பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பல் 'ஹெர்மிஸ்'. அதைத்தான் நம் அரசாங்கம் 1986-ல் வாங்கியது. டெவன்போர்ட் தளத்தில் பழுது பார்த்து, 1987 மே 12-ம் தேதி 'ஐ.என்.எஸ். விராட்' என்று பெயர் மாற்றிக் கொடி ஏற்றினோம். கப்பலை எடுத்துவரப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். அங்கே எங்களுக்குக் கப்பலின் மூலை முடுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டி ஆபீசர், 1982-ல் அதே கப்பலில் சீ கிங் மெக்கானிக்காக இருந்தவர். இருவருக்கும் ஒரே தொழில், அதனால் பாஷை பெரிய தடையாக இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் டீயில் தோய்த்துத் தின்றார். கிளம்புகிற வாரத்தில், காகித உருளையில் சுருட்டி இந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "கப்பலையே உங்களிடம் கொடுத்துவிட்டோம், இதையும் எடுத்துக்கொண்டு போ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

பிளைமவுத்தில் படக்கடைகளை வேடிக்கை பார்ப்பது எனக்கு அப்போது பொழுதுபோக்கு. போர் முடிந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது, எங்கே பார்த்தாலும் ஃபாக்லாந்து படங்கள். ஹெர்மிஸ் வருகிற படங்களில் ஹாரியர் விமானம்தான் கதாநாயகன். சீ கிங் எங்கேயோ ஒரு மூலையில் பக்கவாத்தியக்காரர் மாதிரி ஒரு புள்ளியாக இருக்கும். ஹெலிகாப்டரைத் தனியாக வரைந்த படங்களும் உண்டு. தெற்கு ஜார்ஜியா தீவில் பனிமலை மேல் சிறப்புப் படை வீரர்களை எடுக்கப் போன இரண்டு வெஸெக்ஸ் ஹெலிகாப்டர்கள், எது வானம் எது பனி என்று தெரியாமல் விழுந்துவிட்டன. 'ஹம்ஃப்ரி' என்று செல்லப் பெயர் வைத்த மூன்றாவது போய் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்தது. அந்த ஹம்ஃப்ரி இன்றைக்கும் யோவில்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்னொன்று 'பிராவோ நவம்பர்' என்ற சினூக். 'அட்லாண்டிக் கன்வேயர்' கப்பலோடு மற்ற சினூக்கெல்லாம் போய்விட, அந்த நேரத்தில் வானத்தில் இருந்ததால் இது மட்டும் தப்பித்தது. பிறகு ஒரே நடையில் 81 வீரர்களை ஏற்றிப் பறந்தது. வழக்கமாக ஏற்றுவதைப் போல இரண்டு மடங்கு. மணப்பாறை சந்தை நாளில் மினி பஸ்ஸைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

படம் பார்க்கிறவர்கள் வானத்தையும் கடலையும் பார்ப்பார்கள். நான் இறக்கையை எண்ணுவேன். தொழில் புத்தி. சீ கிங்குக்கு ஐந்து, வெஸெக்ஸுக்கு நாலு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். நம் சேத்தக் பிரெஞ்சு வழி வந்தது, அது கடிகாரத்தோடு சுற்றும். ஹெலிகாப்டர் வரைவதில் பெரிய சிக்கலே இறக்கைதான். தெளிவாக வரைந்தால் நின்றுபோன மாதிரி இருக்கும், மங்கலாக வரைந்தால் புகை மாதிரி ஆகிவிடும். அதைவிட நுட்பம் ஒன்று உண்டு. நிற்கும்போது இறக்கை தன் கனத்தில் தொங்கும். பாரத்தோடு மேலே எழும்பும்போது நுனிகள் மேல் நோக்கி வளைந்து, காற்றில் திரும்பிய குடை மாதிரி ஆகும். இதைக் கவனிக்காத ஓவியர்கள் தட்டையாக ஒரு தட்டு வரைந்துவிடுவார்கள். என் படத்துக்காரர் அந்த வளைவைச் சரியாகப் பிடித்திருந்தார். காற்று அழுத்தித் தண்ணீர் வட்டமாக வெளுத்துச் சிதறுவதையும் சரியாகப் போட்டிருந்தார். யாரோ பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

இன்னொரு சேதி. டேவிட் ஷெப்பர்ட் என்று ஒருவர், விமானங்கள் வரைந்துதான் தொடங்கினார். 1960-ல் பிரிட்டிஷ் விமானப்படை அவரைப் படம் வரையக் கென்யாவுக்கு அழைத்துப் போனது. அவர்களோ, தினமும் பார்க்கிற விமானம் எங்களுக்கு எதற்கு, இங்கே உள்ளதை வரையுங்கள் என்றார்களாம். அதிலிருந்து யானை வரைய ஆரம்பித்து, உலகமெங்கும் யானை ஓவியராகவே ஆகிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் கோயில் யானையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். சம்பந்தமே இல்லை என்று வீட்டுக்காரம்மா சொல்வாள்.

இனி சம்பந்தி.

என் மகன் 2012-ல் கல்யாணம் செய்தான். பெண் திருச்சி கொட்டப்பட்டு முகாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது படகில் வந்து இறங்கியவர்கள். ஊரில் சில பேர் முணுமுணுத்தார்கள், அதை விடுங்கள். எங்களுக்கு அருமையான மருமகள். சம்பந்தி அங்கே கொக்குவிலில் கடை வைத்திருந்தவர். இங்கே வந்து பெயின்டர் ஆனார். முகாமில் பாதிப் பேருக்கு அந்த வேலைதான். அவர் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட சுவரைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

சம்பந்தியும் அவர் சம்சாரமும் வீட்டுக்கு வருவார்கள், போவார்கள். ஒன்றைக் கவனித்திருக்கிறேன், ஆனால் யோசித்ததில்லை. சம்பந்தியம்மா எப்போதும் ஜன்னல் ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவார். காற்றுக்காக என்று நினைத்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் படம் முதுகுப் பக்கம் போய்விடும். பத்து வருஷம் இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இறக்கை எண்ணிக்கொண்டிருந்த கண்ணுக்கு இது தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு, "வெளியாள் எதுக்கண்ணை, நானே வந்து அடிச்சுத் தாறன்" என்று சம்பந்தி இரண்டு பையன்களோடு வந்துவிட்டார். கூலி பேசினால் கோபம் வரும், பேசவில்லை. முதல் நாள் சாமான்களை நகர்த்தினோம். படத்தை நான் கழற்றப் போனேன். "நீங்கள் ஏறாதேங்கோ" என்று அவரே ஸ்டூலில் ஏறி, இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, கீழே சுவரில் சாய்த்து வைத்தார். பழைய வேட்டியால் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்க சம்பந்தி."

"இந்தக் கப்பலை ஹெலிதானே அடிச்சது?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. எரிகிற கப்பல், மேலே ஹெலிகாப்டர், கீழே தண்ணீரில் தத்தளிக்கிற ஆட்கள். அவர் கண்ணுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். இத்தனை வருஷமாக, பெண்ணைக் கொடுத்த வீட்டு நடுக்கூடத்தில் அப்படி ஒரு படத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லைங்க. அடிச்சது வேற விமானம். இது காப்பாத்த வந்தது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தெப்பம், காற்று, தள்ளிக்கொண்டு போனது. கையால் காட்டிச் சொன்னேன். அவர் ஒவ்வொரு தெப்பமாக விரலை வைத்துப் பார்த்தார்.

"காத்தாலயோ?"

"காத்தாலதான்."

"ஹெலி அப்பிடியும் செய்யுமோ" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசியதுபோல் அதற்கு முன்னால் பேசியதில்லை. அங்கே சனங்கள் வானத்தில் வருவதற்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்களாம். ஜெட் வந்தால் 'பொம்மர்'. குண்டு போடுகிற அவ்ரோ 'சகடை'. 'ஹெலி' என்றால் எல்லாவற்றிலும் மோசம். பொம்மர் வந்த வேகத்தில் போய்விடும். ஹெலி நின்று பார்க்கும், ஆளைத் தேடும். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு இவர் வாசலில் நிற்பாராம்.

1987 ஜூன் 4-ம் தேதி நம் விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதைச் சொன்னார். 25 டன் என்று நாம் பேப்பரில் படித்தோம். அவர் அன்றைக்கு முற்றத்தில் நின்று கையைத் தட்டியிருக்கிறார். வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான் என்றார். அதே வருஷம் அக்டோபர் 11-ம் தேதி ராத்திரி, கொக்குவிலுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் நம் ஹெலிகாப்டர்கள் வந்து படையை இறக்கின. அந்த ராத்திரியில் என்ன நடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்காது. இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் முப்பது பேரில் ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். சனங்கள் பட்ட பாடு தனி. சம்பந்தி தன் வீட்டில் என்ன நடந்தது என்பதை எனக்குச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது.

முடிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த நேரம் நீங்களும் வந்தனீங்களோ, அண்ணை?"

பத்து வருஷமாக உள்ளே வைத்திருந்த கேள்வி.

"இல்லை. நான் அப்போ பம்பாய்ல கப்பல்ல இருந்தேன்" என்றேன். அது சத்தியம். அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. எழுந்து போய் இரண்டாவது கோட்டுக்குப் பெயின்ட் கலக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பதில் சத்தியம்தான், ஆனால் முழுசு இல்லை. 1989 ஜூலையில், இலங்கையில் நிலைமை மோசமாகலாம் என்று விராட்டுக்கு உத்தரவு வந்தது. கொச்சிக்கு வெளியே கப்பல் நிற்க, கார்வால் ரைபிள்ஸ் வீரர்களையும் சாமான்களையும் ஹெலிகாப்டர்களில் கொண்டுவந்து கப்பலில் இறக்கினோம். இரண்டு நாள் தூக்கமில்லாமல் வேலை. ஒரு சீ கிங் திரும்பி வரும், பார்த்து அனுப்புவேன், அடுத்தது வரும். அதற்கப்புறம் தேவைப்படவில்லை, அவர்கள் இறங்கவில்லை. தேவைப்பட்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஹெலிகாப்டரில்தான் போயிருப்பார்கள். அந்த நாட்களில் எனக்கு என்ன தோன்றியது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. கியர்பாக்ஸ் ஆயில் பற்றித்தான் கவலைப்பட்டேன். அங்கேயும் நம்ம பாஷைதான் பேசுவார்கள் என்று மெஸ்ஸில் ஒரு மதுரைப் பையன் சொன்னான். சாம்பார் சரியில்லை என்று யாரோ பேச்சை மாற்றினார்கள். நானாகக்கூட இருக்கலாம்.

அதைச் சம்பந்தியிடம் அன்று சொல்லியிருக்கலாம். தூரிகையோடு ஸ்டூலில் ஏறிவிட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். சாக்குதான்.

மூன்றாம் நாள் ஹால் முடிந்தது. வெளிர் மஞ்சள், மருமகள் தேர்ந்தெடுத்த நிறம். படம் இருந்த இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு நிறத்தில் நீள்சதுரமாகத் தெரிந்துகொண்டே இருந்தது, அதற்கு மட்டும் மூன்று கோட்டு அடித்தார். ஆணியைப் பிடுங்கவில்லை. பட்டி வைத்து மூடவும் இல்லை. ஆணிக்கும் சேர்த்து மஞ்சள் அடித்துவிட்டு, "படத்தை எப்ப மாட்டப் போறியள்?" என்று கேட்டார்.

"மாட்டணுமா சம்பந்தி?"

"உங்கட வீடு, உங்கட படம்." கொஞ்ச நேரம் கழித்து, "இவன் கீறினவன் தண்ணியை வடிவாப் பாத்திருக்கிறான். அந்த வெள்ளை நிறம் லேசில வராது" என்றார். அவருடைய சம்சாரத்துக்கு அது காப்பாற்ற வந்த ஹெலி என்று சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம். "சரி எண்டவ. ஆனா சத்தம் கேக்குது எண்டவ." படத்திலிருந்து சத்தம். கொட்டப்பட்டில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் குடியிருந்தும், தலைக்கு மேல் சத்தம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாராம்.

வீட்டுக்காரம்மா ராத்திரி சொன்னாள்: "ஏங்க, அந்தப் படத்தை நம்ம ரூமுக்குள்ள மாட்டிக்கங்க. உங்க கப்பல்தான் போயிடுச்சே, அது ஒண்ணாவது உங்களுக்கு இருக்கட்டும்." கப்பல் போய்விட்டதுதான். 2017 மார்ச் 6-ம் தேதி விராட்டின் கொடியை இறக்கினார்கள். 2020-ல் ஆலங்குக்கு இழுத்துக்கொண்டு போய் உடைத்தார்கள். டிவியில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. இந்தப் படத்தில் அந்தக் கப்பல் இல்லை என்றாலும் அதன் மெக்கானிக் கை கொடுத்த படம் இது ஒன்றுதான். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அந்தப் போருக்கு இங்கிலாந்தின் போர் அருங்காட்சியகம் அதிகாரபூர்வ ஓவியர் ஒருவரை அனுப்பியது. லிண்டா கிட்சன் என்ற பெண்மணி. படையோடு போய், குளிரில் நின்று, சுமார் நானூறு படங்களைக் கிறுகிறுவென்று கோட்டோவியமாக வரைந்தார். அவை புத்தகமாகவும் வந்தன. பிளைமவுத்தில் அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. இறக்கையை எண்ண முடியாது. வெறும் கோடுகள், குனிந்த முதுகுகள், காத்திருக்கிற ஆட்கள். இப்போது அந்தப் புத்தகம் கிடைத்தால் சம்பந்தியம்மாவுக்குக் காட்டத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. காட்டாமல் இருப்பதுதான் நல்லதோ என்னவோ.

படம் இப்போது எங்கள் ரூமில் பீரோவுக்குப் பின்னால் வேட்டி சுற்றி நிற்கிறது. ஹாலில் மஞ்சள் ஆணி மட்டும் இருக்கிறது. பேத்தி அதில் ஸ்கூல் ஐடி கார்டை மாட்டுகிறாள்.

நான் எழுதுவதை மருமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். அவருக்குக் கண்ணில் புரை, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். அதனால் 1989 விஷயமும் அவர் காதுக்குப் போகும். நேரில் சொல்லாததை இப்படிச் சொல்கிறேனே என்று அவர் நினைக்கலாம். வெளிக் கேட்டுக்கு இன்னும் ஒரு கோட்டு பாக்கி இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சில்வர் பெயின்ட் ஒரு லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.